மூத்த நாத்தனார்

எனக்குச் சுவேதா மேல் பொறாமை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒதியம்பட்டில் வேறு யாராவது கை கால் வைத்துச் சொல்லிவிடுவார்கள். அவள் திருநங்கை, அதனால் எனக்கு ஆகவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அவள் பக்கத்து வீட்டுத் திருநங்கையாக இருந்திருந்தால் நானே முதல் ஆளாகப் போய்ப் பேசிப் பழகியிருப்பேன். என் வீட்டிலேயே, எனக்கு மூத்தவளாக வந்து உட்கார்ந்ததுதான் வினை.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்ததும் கடைசியும் பையன்கள், நடுவில் நான் ஒரே பெண் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. ஒரே பெண் என்பது சாதாரணப் பதவி இல்லை. பொங்கலுக்குச் சீர் எனக்குத்தான் வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உறவுக்காரர்களை வம்பு பேசும் உரிமையும் எனக்கு மட்டும்தான். மூத்தது கல்லூரிக்குப் போகிற வயதில் பெங்களூருக்குப் போனது. அப்பா இறந்து பல வருடம் கழித்துப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றது. அம்மா அழுதாள், கட்டிக்கொண்டாள், சோறு போட்டாள். அன்றைக்கே மூத்த மகள் அவள் என்று ஆகிவிட்டது. கல்யாணமாகி அடுத்த தெருவில் குடும்பம் நடத்தும் நான், யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமலே, இரண்டாவது மகளாகிவிட்டேன்.

பழைய பெயரை இங்கே எழுத மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. சுவேதா என்பது அவளே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்ட பெயர். அதிலும் எனக்கு எரிச்சல். எனக்கு அப்பா தன் அம்மாவின் பெயரை வைத்தார், ருக்குமணி என்று. என்னுடன் படித்தவர்கள் எல்லாம் பிரியா, நித்யா என்றிருக்க, நான் மட்டும் பிறக்கும்போதே கிழவி. பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் நானும் நல்லதாக ஒன்று பார்த்து வைத்திருப்பேனே.

சின்ன வயதில் கறிக்குழம்பில் ஈரல் துண்டு அவள் தட்டுக்குப் போகும், ஆம்பளைப் பிள்ளை என்று. சைக்கிளும் அவளுக்குத்தான். இப்போது அம்மாவின் ஜிமிக்கி அவள் காதில் ஆடுகிறது, மூத்த மகள் என்று. ஆண்கள் பந்தியிலும் சாப்பிட்டு, பெண்கள் பந்தியிலும் இலை போட்டுக்கொண்டவள். இதை அவளிடமே ஒரு முறை சொல்லிவிட்டேன்.

"ஈரல் குடுத்தாங்கதான்" என்று சிரித்தாள். "அப்பறம் மாட்டுக் கவுத்தாலயும் குடுத்தாங்களே, அதுல ஒனக்குப் பங்கு வேணாமாடி?"

அப்பா அவளை அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். என் தாவணியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதற்கு, கயிறு அறுந்துபோகிற மாதிரி அடித்தார். அதற்கெல்லாம் நான் பொறாமைப்படவில்லை. அவ்வளவு நியாயம் எனக்கும் தெரியும்.

வில்லியனூரில் ஒரு டைல்ஸ் கடையில் அவளுக்கு வேலை. ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் முறைத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவார்களாம். இப்போது வீடு கட்டுகிறவர்கள் அவளைத்தான் கேட்டு வருகிறார்கள். கூடத்துக்குப் போடுகிற கல்லைப் பாத்ரூமுக்கு எடுக்க விடமாட்டாள். வழுக்கி விழுந்தால் என்னைத்தான் திட்டுவீர்கள் என்பாள். நானும்தான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே பேக்கிங் செய்கிறேன். என்னை யாரும் பெயர் சொல்லிக் கேட்டு வருவதில்லை.

போன வருடம் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் அவளைப் பேட்டி எடுக்க வந்தார்கள். 'சாதனைத் திருநங்கை' என்று தலைப்பு. டைல்ஸ் விற்பது சாதனை என்றால், ஷிப்டு முடித்து வந்து, மாமியாருக்குக் கஞ்சி வைத்து, கண்ணையனையும் கட்டி மேய்க்கிறேனே, அதற்கு என்ன பெயர்? கண்ணையன் என் வீட்டுக்காரர். அவர் இதைப் படிக்க மாட்டார், அதனால் எழுதலாம். என்னையும் கேமரா முன்னால் உட்கார வைத்து, "அக்காவைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். மூக்குக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "அவளுக்குத் தோசை வட்டமா வராது, ஆனா வாய் மட்டும் நல்லா வரும்" என்று உள்ளதைச் சொன்னேன். வீடியோ வந்தபோது அதில் நான் இல்லை. சுவேதா ஏரிக்கரையில் மெதுவாக நடக்கிறாள், பின்னால் புல்லாங்குழல் அழுகிறது, அவள் கண் கலங்குகிறாள்.

சுவேதாவுக்கும் அதில் கோபம்தான். "கல்லப் பத்தி அர மணி நேரம் பேசனேன், ருக்கு. எது வழுக்கும், எது வெடிக்கும், எல்லாம் சொன்னேன். ஒன்னையும் போடல. எங்க அழுதீங்க, எப்ப அழுதீங்கன்னு அதையே நோண்டி நோண்டிக் கேட்டானுங்க" என்றாள்.

"ஒன்ன அழ வெச்சாவது காட்டனாங்க. என்ன எங்க காட்டனாங்க?" என்றேன். வீடியோவுக்கு ஊரெல்லாம் லைக் போட்டது. நான் போடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கடைசித் தம்பி அன்புராஜுக்குக் குருவிநத்தத்தில் பெண் பார்த்து முடிந்தது. பெண் பெயர் தேவி. தம்பி கல்யாணம் என்றதும் எனக்கு நினைவு வந்தது ஒன்றே ஒன்றுதான். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டையும் போடுகிறவள் அவன் கூடப் பிறந்த பெண். நாத்தனார் முடிச்சு. பெண்ணின் பின்னால் நின்று, சபை முழுக்கப் பார்க்க, அந்த மஞ்சள் கயிற்றை இழுத்து முடியும்போது ஒரு பெண்ணுக்கு வருகிற மிடுக்கு வேறு எதிலும் வராது. அன்புராஜ் இடுப்பில் உட்காரும் குழந்தையாக இருந்தபோதே நான் அதற்குக் காத்திருந்தவள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "மூத்தவ இருக்கா. முடிச்சு அவ போடட்டும். நீ வெளக்குப் புடிச்சிக்க."

"இன்னாம்மா பேசற?" என்று எழுந்துவிட்டேன். "நேத்து வந்தவளுக்கு முடிச்சு, எனக்கு வெளக்கா? அவன் பேண்டத அள்ளனது யாரு? அவ வுட்டுட்டுப் போன சைக்கிள்ல வெச்சி பள்ளிக்கூடத்துல வுட்டது யாரு? நான் அவனுக்கு அக்கா இல்லன்னா சொல்லு, நான் கல்யாணத்துக்கே வரல."

இரண்டு முடிச்சு இருக்கிறதே, ஆளுக்கு ஒன்று போடுங்கள் என்றார் கண்ணையன். அர நாத்தனார் வேலை எனக்கு வேண்டாம் என்று அவர் வாயை அடைத்தேன். சுவேதா அடுப்படியிலிருந்து வந்து, "நீயே போடுடி. நான் வெளக்குப் புடிச்சிக்கறேன்" என்றாள். சண்டையே இல்லை. திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். மாட்டேன் என்றால் திரும்ப வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தவள் மாதிரி. எனக்கு முடிச்சு கிடைத்துவிட்டது, ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பிடுங்கி வாங்கினால்தானே அது வாங்கினது.

கல்யாணம் வில்லியனூர் மண்டபத்தில். காலையில் நான் ஒரு மூலையில் பூ வைத்துக்கொண்டிருக்கிறேன், சுவேதாவைச் சுற்றி ஒரு கூட்டம். வீடியோவில் பார்த்த முகமாம். பெண்ணின் அத்தை ஒருத்தி, வாட்டசாட்டமானவள், எங்கிருந்தோ ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து சுவேதா மடியில் போட்டாள். "ஒங்க கை பட்டா நல்லதும்மா. ஒங்க கையால ஒத்த ரூவா குடுங்க, பொட்டில வெச்சிக்கறேன்" என்று காலில் விழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். மாப்பிள்ளையின் அக்காவாகப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்தவள், கோவில் வாசலில் உட்கார்ந்த சாமி மாதிரி காசு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் வாடிக்கையாளரிடம் சிரிக்கிற சிரிப்பு முகத்தில் இருந்தது. என் காலில் ஒருத்தரும் விழவில்லை. அதற்கும் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

முகூர்த்த நேரம் வந்தது. நான் தேவியின் பின்னால் போய் நின்றேன். சுவேதா காமாட்சி விளக்கை ஏந்திக்கொண்டு என் இடப்பக்கம் வந்தாள். அந்த அத்தை மணவறையில் ஏறினாள்.

"நீங்க எறங்கி அந்த நாற்காலில ஒக்காந்து ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா" என்றாள், குரலில் அவ்வளவு மரியாதை. "வெளக்கு குடும்பப் பொம்பள புடிக்கறதுதான் மொற. தப்பா நெனைக்காதீங்க."

சொல்லிக்கொண்டே விளக்கை வாங்கித் தன் மகள் கையில் கொடுத்துவிட்டாள்.  சுவேதா அதே கடைச் சிரிப்போடு படி இறங்கினாள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார், கெட்டிமேளம் முழங்கியது, அன்புராஜ் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றின் இரண்டு முனையையும் என் கையில் கொடுத்தான்.

நான் எதிர்பார்த்த நிமிடம் அதுதான். கையில் கயிறு, கண்ணெதிரே சபை. பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெண் எங்கள் வீட்டு விளக்கோடு நிற்கிறாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. சுவேதாவோடு மல்லுக்கட்ட எனக்குப் பாத்தியதை உண்டு. ஈரலுக்கு, ஜிமிக்கிக்கு, முடிச்சுக்கு எல்லாவற்றுக்கும் நான் அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். போட்டிக்கே வராத எவளோ வந்து, காலில் விழுகிற மாதிரி விழுந்து, அவளை ஒதுக்கித் தள்ளுவாளா? காசு வாங்கும்போது நல்ல கை, விளக்குப் பிடிக்கும்போது ஆகாத கையா?

"வெளக்க எங்க அக்கா கையில குடுத்தாதான் முடிச்சுப் போடுவேன்" என்றேன்.

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேளக்காரர்கள் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"ருக்கு, சொம்மா இரு, போடு" என்று அன்புராஜ் பல்லைக் கடித்தான்.

"போட மாட்டேன். ஒத்த முடிச்சோட குடும்பம் நடத்திக்க."

"நல்ல நேரம் போவுதும்மா" என்றாள் அத்தை.

"போவட்டும். அவ இந்த வூட்டு மூத்த பொண்ணு. கால்ல வுழுந்தியே, அப்பத் தெரியலயா குடும்பப் பொம்பளயா இல்லயான்னு?"

தலையைக் குனிந்தபடி இருந்த தேவிதான் வழக்கைத் தீர்த்து வைத்தாள். "குடுத்துடு அத்த. எனக்குக் கழுத்து வலிக்குது" என்றாள்.

விளக்கு கை மாறியது. சுவேதா மறுபடி மேலே வந்து நின்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். அவிழ்க்க வேண்டுமென்றால் பல்லால்தான் அவிழ்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணின் அப்பா எங்கள் அறைக்கு வந்தார். முடிச்சுப் போட்ட நாத்தனாருக்குப் பெண் வீட்டார் புடவை வைத்துக் கொடுப்பது வழக்கம். மனிதர் காலைக் கூத்துக்குப் பிறகு ரொம்பப் பயந்திருந்தார். ஒரு நாத்தனார் என்று நினைத்து ஒரு புடவைதான் எடுத்து வைத்திருந்தார்களாம். சண்டையைப் பார்த்ததும் கடைத்தெருவுக்கு ஆளை ஓட்டி, அவசரத்துக்கு இன்னொன்று வாங்கியிருக்கிறார். இரண்டு தட்டு வந்தது. ஒன்றில் மயில்கழுத்து நிறத்தில் பட்டு, கண்ணைப் பறித்தது. மற்றதில் வாழை இலை மாதிரி ஒரு பச்சை, சரிகை என்ற பேருக்கு ஒரு கோடு.

நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மயில்கழுத்தைச் சுவேதா கையில் வைத்தார்.

"முடிச்சுப் போட்டது நானு" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "நீங்கதான சபையில சொன்னீங்க, அவங்க மூத்த பொண்ணுன்னு. மொற தப்பக்கூடாது பாருங்க." பச்சையை என் கையில் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் சுவேதா பக்கம் திரும்பினேன். "குடு, மாத்திக்கலாம். ஒனக்குப் பச்ச எடுப்பா இருக்கும்."

அவள் பட்டைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தர மாட்டேன்" என்றாள்.

"இன்னா?"

"தர மாட்டேன் போடி. எந் தம்பி கல்யாணத்துக்கு எனக்கு வந்த பொடவ."

  முடிச்சு என்னது, சண்டை போட்டது நான், மானம் போனது எனக்கு என்று கத்தினேன். அவளும் விடவில்லை, புடவையை மார்போடு இறுக்கிக்கொண்டு பதிலுக்குக் கத்தினாள். என்னை மேனாமினுக்கி என்றாள். அம்மா எட்டிப் பார்த்தாள். அம்மாவிடம் முறையிட்டேன்.

"ரெண்டு பொட்டப் புள்ளைங்களப் பெத்தா இதான் கதி" என்றாள் அம்மா. "அடிச்சிக்கிட்டு சாவுங்க. என்னக் கூப்புடாதீங்க." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மறுவீட்டு விருந்துக்கு அவள் மயில்கழுத்தில் வந்தாள், நான் பச்சையில் போனேன். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். பாவி மகளுக்கு அந்த நிறம் அப்படிப் பொருந்தியிருந்தது. அடுத்த பொங்கலுக்கு அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும்.