பிடரி மயிர்

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குத் தெருவில் ராமரின் சலூனுக்கு ஒரே நாற்காலி. கல்யாணமான கையோடு ஒச்சம்மாளை உசிலம்பட்டிப் பக்கமிருந்து அழைத்து வந்தவர், மூன்று பெண்களையும் இங்கேதான் பெற்றார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடுவார். சுமைக்காரர்கள் கேலி செய்தால், "சின்னவ என் கையால ஊட்டுனாத்தான் திம்பா" என்பார் வெட்கமில்லாமல். அக்கம்பக்கத்துத் தமிழர் வீடுகளில் சாவு விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

எழுபத்தாறாம் வருஷ மழையில் வாஞ்சிநாதன் காணாமல் போனான். இஞ்சி மூட்டை சுமக்கிறவன். வைப்பின் தீவுக்குப் போய்வருகிறேன் என்று படகேறியவன் திரும்பவில்லை. சில நாள் கழித்து வல்லார்பாடத்துக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. அவன் மனைவி அங்கம்மாள் பிணவறை வாசலோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். போலீஸ்காரர் துணைக்கு வந்திருந்த ராமரை உள்ளே கூப்பிட்டார்.

"சேட்டா, நிங்களல்லே அவனுக்கு முடி வெட்டுறது? நல்லா நோக்கிச் சொல்லு. ஆளு இதுதானா?"

ராமர் தலையை மெல்லத் திருப்பினார். உச்சியில் இரட்டைச் சுழி. வாஞ்சிநாதனுக்கும் அப்படித்தான். "ரெண்டு பொண்டாட்டி யோகம்டா உனக்கு" என்று எத்தனையோ தடவை சீண்டியிருக்கிறார். ஆனால் பிடரியில் விரல் பட்டபோது உறுத்தியது. அவனுக்கு மயிர் இவ்வளவு கீழே இறங்காதே? வாசலில் அங்கம்மாளின் விசும்பல் கேட்டது. பச்சைத் தண்ணீர்கூட குடிக்காமல் கிடக்கிறாள். இவன் இல்லையென்று சொன்னால் இன்னும் எத்தனை பிணம் பார்க்க வருவாள்?

"அவன்தான்" என்றார்.

அன்று சாயங்காலம் வாஞ்சிநாதனின் சிறுவயது மகனுக்கு மொட்டையடித்ததும் அவர்தான். பையன் கொள்ளி வைத்தான்.

அதன் பிறகு எவர் பிடரியில் கத்தி வைத்தாலும் ராமரின் விரல் மயிர் முடியும் இடத்தைத் தேடிப்போயிற்று. கத்தி தீட்டும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ முறைக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். திரும்பினால் நனைந்த துணியின் வாடைதான். ஒச்சம்மாளிடம்கூட வாய் திறக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் வைப்பினில் படகு பழுது பார்க்கும் நாணு அங்கம்மாளைக் கட்டிக்கொண்டான். நல்ல மனுஷன். தான் சொன்ன ஒரு சொல்லால் நல்லதுதான் நடந்தது என்று ராமர் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார்.

எண்பத்தைந்தில், ஓணத்துக்கு முந்தின வாரம், நரைத்த தாடிக்காரன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துண்டை அவிழ்த்தான். உச்சியில் இரட்டைச் சுழி. ராமரின் விரல் பிடரிக்குப் போயிற்று; மயிர் மேலேயே முடிந்திருந்தது.

"அண்ணே, நான்தான்."

"எங்கடா போனே?"

"மங்களூர். அங்க ஒருத்தியோட இருந்தேன். அவ போய்ச் சேந்துட்டா. இங்க வந்தா வீட்டுல வேற ஆளுக இருக்காங்க. அங்கம்மா எங்கண்ணே?"

"நீ செத்துட்டேடா. உம் மகன் கொள்ளி வச்சான்."

"செத்துட்டேன்னு எவன் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கன்னத்தில் சோப்பு நுரை காயும்வரை வாஞ்சிநாதன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மகன் நாணுகூட வேலைக்குப் போறானா?" என்று மட்டும் கேட்டான். "போறான்" என்றார் ராமர்.

"சரி, செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும். மழிச்சு விடுங்க."

மழித்த முகத்தோடு எழுந்து, வந்த வழியே போய்விட்டான்.

அன்றுதான் ராமர் மனைவியிடம் வாய் திறந்தார். கப்பைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்டவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நம்ம எரிச்சது யாரு பெத்த புள்ளையோ, அவன் பொஞ்சாதி இன்னும் தேடிக்கிட்டிருப்பாளே!"

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. ஊட்டக் காத்திருந்த பெண்களெல்லாம் வளர்ந்துவிட்டார்கள். ராமர் படகேறி வைப்பின் கரையில் குடிசை குடிசையாக விசாரித்தார். அந்த மழையில் வீடு திரும்பாத ஆண்பிள்ளை யாராவது உண்டா? உச்சியில் இரட்டைச் சுழி, பிடரிமயிர் கீழே இறங்கியிருக்குமா? சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவி காணாமல்போன தம்பியை நெடுநேரம் யோசித்து, "என்டெ அனியனுக்கு ஒற்றைச் சுழிதான் மோனே" என்று கையை விரித்தாள்.

மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு ராமர் மீசையை எடுத்துவிட்டுக் காயலில் இறங்கினார். எள்ளும் தண்ணீரும் இறைக்க வைக்க வந்த ஐயர், "செத்தவர் பேரு?" என்று கேட்டார். ராமர் ஒச்சம்மாளைத் திரும்பிப் பார்த்தார். கரையில் நின்ற அவள்தான் சொன்னாள்:

"தெரியல சாமி. எங்க வீட்டு ஆளுன்னு சொல்லி விடுங்க."