வீராசாமி படிக்கச் சொன்ன புத்தகங்கள்

எங்கள் வாசகசாலையில் இத்தனை சரித்திரப் புத்தகங்கள் எப்படி வந்தன என்று யாராவது கேட்டால் போதும், எனக்கு மார்பு ஒரு சாண் விரியும். திருத்தணி வாசகசாலைக்குக் காரியதரிசி பரசுராமன் நான்தான். ஆனால் அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் சரவணப் பொய்கைக் கரையில் மொட்டையடிக்கும் வீராசாமி. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் நாவிதரை அங்கத்தினராகச் சேர்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. எழுதிவைத்த விதி ஒன்றும் கிடையாது. தலைவர் ஜவுளிக்கடை பெருமாள் வாயால் சொன்னால் அதுதான் விதி. நான் என் பேரில் புத்தகம் எடுத்து ஜன்னல் வழியாக வீராசாமியிடம் நீட்டுவேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். வாசல் வழியாகவே கொடுத்திருக்க வேண்டும்.

கதைப் புத்தகம் கொடுத்தால் படிக்காமலே திருப்பித் தந்துவிடுவார். "நெசமா நடந்தது எதனா இருந்தா குடுங்க சார்" என்பார். யுத்தம், வங்காளத்துப் பஞ்சம் என்று புதிதாக அச்சாகி வந்ததையெல்லாம் படித்துவிட்டு, மறுநாள் மொட்டைக்கு உட்காருகிறவர்களிடம் ஆரம்பித்துவிடுவார். நனைத்த தலையோடு அவர்கள் எங்கே ஓடுவது? முழுசாகவும் சொல்ல மாட்டார், கெட்டிக்காரர்! மொட்டை முடிகிற இடத்தில் நிறுத்தி, "மிச்சம் வாசகசாலையில கீது, போய்ப் படிங்க" என்று எழுப்பிவிடுவார். சந்தனம் பூசிய தலைகள் சாயங்கால ரயில் வரைக்கும் எங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சரித்திரம் படித்ததை என் கண்ணால் பார்த்தேன் ஐயா! பெருமாள் கண்ணுக்குத் தெரிந்தது பக்கங்களில் விழுந்த சந்தனக் கறை மட்டும்.

"சித்திரைக் கூட்டத்துல இதுக்கு ஒரு முடிவு கட்டறேன். இனிமே கதைப் புஸ்தகம் மட்டுந்தான் வாங்கணும். அந்த ஆளுக்கு ஒரு காகிதம் போகக் கூடாது" என்றார்.

இதை நான் போய்ச் சொன்னபோது வீராசாமியின் முகம் தொங்கிப் போயிற்று. "இதுவும் இல்லன்னா நான் எங்க சார் போவேன்?" என்றார்.

அந்த மாசிக் கிருத்திகையன்றுதான் கூத்து நடந்தது. பொதட்டூர்பேட்டை நெசவாளி கோதண்டம், தங்கை பிள்ளைக்கு முதல் மொட்டை போடத் தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீராசாமி பர்மாவிலிருந்து ஜனங்கள் காட்டு வழியே நடந்து வந்ததைப் பற்றிய புதுப் புத்தகத்தைச் சொல்லிக்கொண்டே பிள்ளையின் தலையை முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த கோதண்டம் தன்னை மறந்து அப்படியே தலை கவிழ்ந்துவிட்டார். காலையிலிருந்து குனிந்த தலைகளையே பார்த்துப் பழகிய கை. தண்ணீர் தெளித்து, பேச்சு நிற்காமலே அந்தத் தலையையும் வழித்துவிட்டது!

தலையைத் தடவிப் பார்த்த கோதண்டம் அலறினார். வீராசாமியைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசகசாலைக்கே வந்துவிட்டார்.

"எனக்கு வேண்டுதலே இல்லன்னு எங்கம்மாவுக்குத் தெரியும். ரங்கூன்ல இருந்த என் தம்பிக்கு நாலு வருசமா சேதி இல்லங்க. மொட்டையோட போய் நின்னா, அவன் செத்த சேதி வந்துடுச்சுன்னு அவ அங்கயே விழுந்துடுவாளே!"

"சித்திரை எதுக்கு? இன்னியோட முடிஞ்சுது" என்றார் பெருமாள். குரலில் சந்தோஷம் வேறு!

வீராசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு எம்மேல. நானே ஊருக்கு வந்து அம்மா கால்ல விழுந்து சொல்றேன். புஸ்தகத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்க."

கோதண்டம் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "அதுல மிச்சம் என்னா கீது?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரருக்குப் புத்தகம் கிடையாது என்று பெருமாள் குறுக்கே வந்தார். போய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அலமாரியைத் திறந்து கோதண்டத்தின் கையில் கொடுத்தேன்.

வீராசாமி சொன்னபடியே கூடப் போனார். வாசலில் மகன் தலையைப் பார்த்ததும் தாய் எல்லம்மாள் மாரில் அடித்துக்கொண்டு கதறினாராம். வீராசாமி அவர் காலில் விழுந்து விஷயத்தைச் சொல்லி, அந்தம்மாள் தெளிந்ததும் புத்தகத்தைப் பிரித்துப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் பொழுது விடிந்து தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டியபோது, வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் கோதண்டம் படித்தாராம்.

சித்திரைக் கூட்டத்தில் பெருமாள் தீர்மானத்தைப் படித்து முடிக்கவில்லை, பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு கூட்டமே வந்து இறங்கியது. அங்கத்தினராகச் சேர வந்த நெசவாளிகள். வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றிருந்த வீராசாமியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தவர் எல்லம்மாள்.

"எம்புள்ளை எந்த மலை ஏறினான், எந்த ஆத்துல தண்ணி குடிச்சான்னு நாலு வருசமா ஒருத்தரும் எனக்குச் சொல்லல. உசுரோட கீறானா, தெரியாது. நடந்த வழியாவது இப்ப தெரியும். சொன்னவரு இவரு. இவருக்கு இங்க எடம் இல்லன்னா எங்க ஊர்க்காரங்களுக்கும் வேணாம் சாமி."

பெருமாள் கடைக்கு ஜவுளி வாங்குவது அந்த ஊர்த் தறிகளில்தான். ஆனால் அதற்காக மட்டும் அவர் தலை குனிந்தது என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. வீராசாமியைச் சேர்க்கலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். அத்தனை கையும் எழுந்தது.

அந்த வருஷம் வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலை வீராசாமி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். ஒன்றுகூடக் கதை இல்லை. கீழே தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். பெருமாள் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துப் போட்டார்.