பதினாறாம் நாள் சமையல்

அன்னம்மா பொறுமைசாலி, பூமாதேவி என்றெல்லாம் இப்போது பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கும் கோபம் வரும், வாய் நீளும். குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று எவனாவது சொன்னால் அகப்பையோடு வந்து நிற்பாள். செத்துப்போனாள் என்பதற்காக அவளைச் சாமியாக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். என் பெயர் லட்சுமி. கடல் தாண்டி வந்து இங்கே ரோச்சோர் ஆற்றங்கரையில் நாலு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவள். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஜாலான் புசார் பக்கம் அப்போது பாதி சதுப்புதான். அங்கே ஆற்றோரமாக மருதப்பனும் அவன் பெண்டாட்டி ரத்தினம்மாவும் ஒரு தங்கல் கொட்டகை நடத்தினார்கள். அத்தாப்பு ஓலை வேய்ந்த நீளக் கூரை, மாடு கட்ட வெளி, பின்னால் தட்டி மறைத்த சமையல்கட்டு, ஆற்றுக்குள் இறங்க நாலு கல்படி. வண்டிக்காரர்கள், புக்கிட் தீமாவில் கல்லுடைக்கிறவர்கள், கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் என்று யார் யாரோ வந்து பாயை விரிப்பார்கள். கடல்நீர் ஏறினால் அது ஆறு, இறங்கினால் முழங்கால் சேறு. கருமாதி செய்ய அந்தப் படித்துறைக்கு வருகிறவர்களும் நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். கொட்டகையில் தங்குகிறவர்களையெல்லாம் ரத்தினம்மா "எங்க வீட்டுப் பிள்ளைங்க" என்பாள். வாயில் அப்படித் தேன் ஒழுகும். என் எருமைகளும் அவள் இடத்தில்தான் கட்டிக் கிடந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில் தங்கராஜு அன்னம்மாவை அங்கே கொண்டுவந்து விட்டான். கல்யாணமாகி எட்டு மாதம். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், நெற்றியில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. பகாங் மலையில் ரோடு போடும் வேலைக்குக் கங்காணி அவனைச் சேர்த்திருந்தான். மலைக்காட்டில் பெண்களைத் தங்கவைக்க அப்போது இடமில்லை.

"அக்கா, மூணே மாசம். அங்க கூலிக்காரங்க குடியிருக்க லயம் கட்டினதும் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். அதுவரைக்கும் உங்க பொண்ணா நினைச்சுப் பாத்துக்குங்க" என்று ரத்தினம்மாவிடம் சொன்னான்.

"எங்க வீட்டுப் பொண்ணுதாம்ப்பா. கவலைப்படாமப் போ" என்றாள் அவள்.

அன்னம்மாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இரண்டாம் நாளே அடுப்படிக்குள் நுழைந்துவிட்டாள். அதுவரை ரத்தினம்மா வடித்துப்போட்டதை வண்டிக்காரர்கள் விதியே என்று விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒரு புளிக்குழம்பு வைப்பாள். இறக்குகிற நேரத்தில் வெந்தயத்தைக் கருக வறுத்துப் பொடித்துத் தூவுவாள், அவ்வளவுதான் விஷயம். ஒரு மாதத்துக்குள் சிராங்கூன் ரோட்டில் ஓட்டுகிற வண்டிகளெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ரத்தினம்மா பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. மலையிலிருந்து தகவல் உண்டா என்று அன்னம்மா தினம் கேட்பாள். மருதப்பன், "இன்னும் லயம் கட்டலையாம்மா" என்பான். கொட்டகையில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தங்கராஜுவின் கடிதம் வந்துதான் இருந்தது. லயம் கட்டியாச்சு, அடுத்த மாதம் கூட்டிப்போக வருகிறேன் என்று எழுதியிருந்தான். அதற்கு இந்தப் பாவி என்ன பதில் போட்டான் தெரியுமா? உன் மனைவி வாந்திபேதியில் இறந்துவிட்டாள், சர்க்கார் ஆட்கள் வந்து எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள், மனதைத் தேற்றிக்கொள் என்று எழுதிவிட்டான்! ஒரு சமையல்காரிக்காக. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த மனுஷன் மலையிலேயே அழுதுவிட்டு இருந்துவிடுவான் என்று இவர்கள் நினைத்தார்கள். அவன் கப்பல் பிடித்து வந்துவிட்டான். செத்த நாள் என்று மருதப்பன் எழுதிய தேதியிலிருந்து அன்றைக்குச் சரியாகப் பதினாறாம் நாள். அவள் செத்த இடத்திலேயே காரியம் செய்ய வேண்டும் என்று ரோட்டில் நின்றான். மருதப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சமாளித்துவிட்டான். அவனைக் கொட்டகைக்குள் விடாமல் வெளிப்பக்கமாகவே நாவிதரிடம் கூட்டிப்போய், அப்படியே படித்துறைக்கு இறக்கிவிட்டான்.

உள்ளே ரத்தினம்மா அன்னம்மாவிடம் சொன்னாளாம்: "இன்னைக்குத் துறையில ஒரு கருமாதி. யாரோ தூரத்துப் பொம்பளை, வாந்திபேதியில போயிட்டாளாம். பன்னெண்டு பேருக்கு ஆக்கு. பாயசம் வை. நீ சுமங்கலி, வெளியில தலைய நீட்டிறாதே. உன் புருசனுக்கு ஆகாது."

அது போதாதா? புருஷனுக்கு ஆகாது என்றால் அவள் தட்டிப் பக்கம்கூடத் திரும்ப மாட்டாள்.

பாயசத்துக்குப் பால் கொண்டுபோனவள் நான். துறையில் ஒருவன் மொட்டைத் தலையோடு முழங்கால் தண்ணீரில் நின்று பிண்டம் கரைத்தான். பேரைச் சொல்லச் சொன்னார்கள். "அன்னம்மா" என்றான். ஊரில் எத்தனையோ அன்னம்மா, எனக்கென்ன என்றுதான் நடந்தேன். அவன் திரும்பியபோது நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டேன். பால் செம்போடு அடுப்படிக்கு ஓடினேன்.

ரத்தினம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏய் லட்சுமி, உன் எருமைங்க நிக்கறதுக்கு இடம் வேணுமா, வேணாமா?"

"அக்கா... பாவம்க்கா."

"வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றேன். தூ! என் வாயில் கொள்ளியை வைக்க. என்னை எந்த எருமை வந்து காப்பாற்றப் போகிறது?

சமையல்கட்டுத் தட்டிக்கு வெளியே, துறைப் பக்கமாக இலை போட்டார்கள். முதல் கவளம் வாயில் வைத்ததும் தங்கராஜுவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "இதை ஆக்கினது யாரு?" என்று கேட்டான்.

"என் வீட்டுக்காரிதாம்ப்பா. அந்தப் பிள்ளை உசிரோட இருக்கையிலே கத்துக் குடுத்தது" என்றான் மருதப்பன், கண் இமைக்காமல்.

அவ்வளவுதான், அவன் உடைந்துபோனான். சோற்றுக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று கதறினான். தட்டிக்கும் அவனுக்கும் பத்தடி இருக்காது. அந்தப் பக்கம் இவள் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலக் கப்பலுக்கே அவனை வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பால் ஊற்றப் போனபோது அன்னம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஒரு மனுசர் எப்படி அழுதாரு தெரியுமா லட்சுமி! எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. கொடுத்து வச்சவ அந்தப் பொம்பளை. எங்க வீட்டுக்காரருக்கெல்லாம் அழவே தெரியாது. ஒரு நாளும் நான் பாத்ததில்லை" என்றாள்.

நான் பாலை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருஷம் ஓட்டினேன்.

பகாங்கிலிருந்து ஆள் வந்தால் ரத்தினம்மா அவர்களை வண்டிகளுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துத் தன் கையாலேயே சோறு கொண்டுபோவாள். ஒருநாள் அவள் வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போயிருந்தாள். ஊருக்குக் கப்பலேற வந்த அழகப்பன் என்ற ரோட்டு வேலைக்காரன் அடுப்படி வாசலிலேயே தட்டோடு உட்கார்ந்துவிட்டான். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"அடேயப்பா! இந்தக் கருக்கு வெந்தயக் குழம்பைத்தான் எங்க மேஸ்திரி வாய் ஓயாமச் சொல்லுவாரு. செத்துப்போன அவரு சம்சாரம் வைப்பாங்களாம்" என்றான்.

"எந்த மேஸ்திரி?" என்று கேட்டாள் அன்னம்மா.

"தங்கராஜுன்னு. பட்டுக்கோட்டைப் பக்கம். நெத்தியில தழும்பு இருக்கும். இந்தத் துறையிலதான் அவங்களுக்குக் காரியம் பண்ணினாராம். ரெண்டு வருசம் பித்துப் பிடிச்சவர் மாதிரி இருந்தாரு. அப்புறம் நாங்கதான் பிடிச்சு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சோம். இப்பப் பொம்பளைப் பிள்ளை. மூத்தவங்க பேரையே வச்சிருக்காரு. அன்னம்மா."

அகப்பையில் குழம்பு இருந்தது. அவள் அதைச் சிந்தாமல் அவன் தட்டில் ஊற்றினாள். இன்னும் சோறு வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். அவன் கை கழுவப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு நீதானே பால் கொண்டாந்தே லட்சுமி. துறைப் பக்கம் பாத்தியா?"

"இல்லடி. நான் பாக்கலை" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ரத்தினம்மா கோவிலிலிருந்து விபூதியோடு திரும்பினாள். இவள் அகப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்வாள், கொட்டகையே இரண்டாகும் என்று நான் பயந்து நின்றேன். அன்னம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு அவரு வயிறாரச் சாப்பிட்டாரா?"

ரத்தினம்மாவுக்கு ஒரு கணம்தான் முகம் வெளுத்தது. பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

"எங்க சாப்பிட்டான்? பாதி இலையில எழுந்திரிச்சுட்டான். உன்னை அனுப்பிட்டா இத்தனை பேருக்கு யாரு ஆக்கிப் போடுறது, சொல்லு? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, போறதுன்னாப் போ. அங்க ஒருத்தி கைக்குழந்தையோட இருக்கா. செத்தவ வந்துட்டேன்னு போயி நடுவீட்டில நில்லு, போ."

அன்னம்மா போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. போடி, போய் அவன் முன்னால் நில், அந்த வீடு எப்படிப் போனால் உனக்கென்ன! ஆனால் வாயைத் திறந்து நான் எதுவும் சொல்லவில்லை. அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். ராத்திரிக்கு அரிசி களைகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அங்கேயே ஆக்கிப் போட்டாள். தாலியைக் கழற்றவில்லை, பொட்டு வைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். மலையிலிருந்து தகவல் உண்டா என்று யாரையும் கேட்கவில்லை. குழம்பில் வெந்தயம் தூவுவதையும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்ட வண்டிக்காரனை அகப்பையால் அடித்தாள். தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் அடுப்பு ஓரத்திலேயே கிடந்து செத்தாள். வண்டிக்காரர்கள் நாலு பேர் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள்.

பதினைந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. வாழ்க்கையில் ஒருமுறையாவது வாயைத் திறப்போம் என்று ரத்தினம்மாவிடம் போனேன்.

"அக்கா, நாளைக்குப் பதினாறு. பாயசத்துக்கு நான் பால் தர்றேன். அந்தத் துறையிலயே ஒரு கருமாதி பண்ணிடுவோம்."

ரத்தினம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அவளுக்குத்தான் ஒரு தடவை ஆயிடுச்சே லட்சுமி. அதுவும் கட்டின புருசன் கையாலயே ஆயிடுச்சு. ஒருத்திக்கு எத்தனை கருமாதி?"

என் எருமைகள் அவள் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தன. செம்பைச் சாய்த்து வழக்கம்போல் பாலை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.