கத்தி முன் நடுங்கிய கை

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். போன வருடம், உடம்பை ஏற்றியே தீருவது என்று ஜிம்மில் சேர்ந்தேன்.

"தூக்கறது பெருசில்லீங்க, மெதுவா இறக்கோணும். வலிச்சாத்தான் ஹார்மோன் சுரக்கும், சதை ஏறும்" என்றார், அந்தக் காலத்து வீடியோ கேசட் பார்த்துக் கற்ற ஜிம் நண்பர். மூன்று நாள் விடாமல் எடையை மெதுவாக இறக்கினேன்.

நான்காம் நாள் முழங்கையை நீட்ட முடியவில்லை. சதை ஏறுகிறது என்ற பெருமையோடு வேலைக்குப் போனேன். அடுக்கிய துணியில் மின்கத்தியை ஓட்டும்போது கை நடுங்கியது. வரைந்திருந்த கோட்டிலிருந்து விலகிய கத்தி, துணியை அழுத்தியிருந்த என் இடது கைப்பக்கம் பாய்ந்தது. நகத்தின் நுனியை மட்டும் சீவியதோடு போயிற்று.

எதிரே துணி விரித்துக்கொண்டிருந்த சரசக்கா சுவிட்சை அணைத்தார்.

"ஏனுங்க மாஸ்டர், துணி ரோலைப் பிரிச்சா ஒரு நாள் ஆறப்போடாம வெட்ட உடமாட்டீங்க. உங்க கைக்கு அந்த ஒரு நாள் கிடையாதுங்களா?"

ரோலில் இழுபட்டிருந்த துணியை ஆறவிடாமல் வெட்டினால் பனியன் சுருங்கி அளவு கெடும். அந்தக் கண்டிப்பை அங்கே கொண்டுவந்தவனே நான்தான்.

மெதுவாக இறக்குவது பழகாத சதையை அதிகம் வலிக்க வைக்கும் என்றார், அன்று மாலை நான் கையைக் காட்டிய டாக்டர். ஹார்மோன் கடும் பயிற்சிக்குப் பின் சிறிது நேரம் ஏறி இறங்குமாம். வலி அதற்கு அளவுகோல் இல்லையாம்.

பயிற்சியை நான் விடவில்லை. கைக்குப் பயிற்சி செய்தால் இரண்டு நாள் இடைவெளி விடுகிறேன். வலி மிச்சமிருந்தால் அன்று கத்தியைத் தொடுவதில்லை. சரசக்காவோடு நின்று துணி விரிக்கிறேன்.