லென்ஸில் பழுதில்லை

என் வீட்டுக்காரருடைய கண்ணைப் பற்றி ஆரணியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் நெய்து வரும் பட்டுச் சேலைகளை முதலாளி கடையில் பிரித்துப் போட்டுக் குறை பார்க்கிற வேலை அவருக்கு. முழுச் சேலையில் ஒரே ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துவிடுவார். நெய்தவர்களுக்கு அவர் தலையைக் கண்டாலே பேஜார். அந்தக் கண்ணோடுதான் நான் முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

போன வருஷம் அவருக்கு ஃபிலிம் கேமரா பைத்தியம் பிடித்தது. ஊரே செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் சென்னைக்குப் போய் ஒரு பழைய கேமராவை வாங்கி வந்தார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டார். முதல் ரோல் முழுக்க என்னைப் பட்டுச் சேலையில் நிற்க வைத்து எடுத்தார். கழுவி வந்த படங்களில் ஜரிகை மட்டும் தகதகவென்று இருந்தது, முகம் அடுப்புக்கரி. கேமராவுக்குள் வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஜரிகையைப் பார்த்து ஏமாந்துவிட்டதாம். வெளிச்சம் ஜாஸ்தி என்று நினைத்து மொத்தத்தையும் இருட்டடித்துவிட்டதாம். இந்த ஊரில் எல்லாரும் பொம்பளையைப் பார்ப்பதற்கு முன்னால் பார்டரைத்தான் பார்க்கிறார்கள், பாவம், கேமரா மட்டும் என்ன செய்யும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு உள்ளங்கையில் விழுகிற வெளிச்சத்தை அளக்கக் கற்றுக்கொண்டார். நான் கையை விரித்து நீட்ட வேண்டும். கேமராவைக் கிட்டே கொண்டுவந்து, உள்ளே இருக்கிற முள் நடுவில் நிற்கும்வரை வளையத்தைத் திருப்புவார். உள்ளங்கை கொஞ்சம் வெளுப்பு, அதனால் ஒரு படி கூட்டணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கல்யாணமான புதிதில்கூட என் கையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். இடது கண் சரியாக மூடவில்லை. உதடு வலது பக்கம் கொஞ்சம் இழுத்திருந்தது. பயந்துதான் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

“ஏங்க, என் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதா, பாருங்க.”

பார்த்தார். “எப்பவும் போலத்தான் கீது,” என்றார்.

அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்குள் ஒரு வீம்பு எழுந்தது. ஒரு இழை விட்டால் கண்டுபிடிக்கிற மனுஷன், தினமும் எதிரில் நின்று சோறு போடுகிறவளின் வாய் கோணினால் கண்டுபிடிக்க மாட்டாரா? அவராகச் சொல்லட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்துவிட்டேன். புருஷனைச் சோதித்துப் பார்க்க என் முகத்தைப் பணயம் வைத்த முட்டாள் நான்.

அன்று மாலையே நல்ல சந்தர்ப்பம் வந்தது. ரோலில் ஒரே ஒரு படம் பாக்கி, அதை எடுத்துவிட்டால் கழுவ அனுப்பலாம். அரக்குச் சேலையைக் கட்டச் சொல்லி, ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். கை நீட்டினேன், அளந்தார். அடுத்து முகத்துக்கு ஃபோகஸ். கேமராவில் கண் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும், எனக்கும் காட்டியிருக்கிறார். குறுக்கே ஒரு கோடு அதை இரண்டாகப் பிரிக்கும். ஃபோகஸ் தப்பினால் கோட்டுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்று சேர்க்க வேண்டும். மேலே மூக்கு, கீழே உதட்டுப் பள்ளம் என்று வைத்துச் சேர்ப்பது அவர் வழக்கம்.

திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார்.

“சேர மாட்டேங்குதே. மூக்கு ஒரு பக்கம் நிக்குது, வாய் ஒரு பக்கம் போவுது.”

இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“ஆடாத,” என்றார்.

“நான் ஆடலீங்க. நல்லாப் பாருங்க.”

“பாத்துகினுதானே கீறேன். சேத்தா மங்கிப்போவுது, தெளிவா வெச்சா பிரியுது. லென்ஸுல ஏதோ கோளாறு.”

ஒருவழியாகப் பட்டனை அமுக்கினார். மறுநாள் காலையில் லென்ஸைக் கழற்றி, ஒரு பட்டுத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, சென்னையில் ரிப்பேர் பார்க்கிறவருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனார். லென்ஸுக்கு ஒரே நாளில் வைத்தியத்துக்கு வழி பிறந்துவிட்டது.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். நான் ரசம் குடித்தால் முந்தானையில் ஒழுகியது, துடைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை காலையில் கீரை விற்கிற பெண் வாசலில் வந்து நின்றாள். கீரைக்கட்டை எடுத்து நீட்டியவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாக்கா, வாய் ஒரு பக்கமா இழுத்துகினு கீது? ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போக்கா!”

அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. கீரையைக்கூட வாங்காமல் ஆட்டோ ஏறினேன். டாக்டர் கண்ணை மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். மூளையில் ஒன்றுமில்லை, முகத்து நரம்புதான் என்றார். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டு, அஞ்சு நாள் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். முதல் இரண்டு மூன்று நாளிலேயே மாத்திரை ஆரம்பித்திருந்தால் நல்லது, இனிமேல் எவ்வளவு திரும்புகிறதோ பார்க்கலாம் என்றார். வீட்ல யாரும் பார்க்கலியாம்மா என்றும் கேட்டார்.

மாலையில் மாத்திரைகளை அவர் முன்னால் வைத்துச் சொன்னேன். திகைத்துத்தான் போனார். பிறகு, “முன்னாடியே சொல்றதுதானே?” என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் ஒரு தட்டைத் தூக்கி எறிந்தேன்.

பத்து நாள் கழித்து லென்ஸ் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: லென்ஸில் பழுதில்லை. அவர் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நெற்றி, மூக்கு, வாய் என்று மேலிருந்து கீழே, கடையில் சேலையைப் பார்க்கிற மாதிரி. ஏதோ புரிந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பாழாய்ப்போன மனசு, அப்போதும் காத்திருந்தது.

“அதான் அன்னிக்குச் சேரலியா,” என்றார். “அப்பாடா. லென்ஸு நல்லாத்தான் கீது.”

அந்தக் கடைசிப் படமும் கழுவி வந்தது. வெளிச்சம் கச்சிதம், முகம் மட்டும் மங்கல். மூக்கும் வாயும் சேர்கிற இடமாகப் பார்த்து அமுக்கியிருக்கிறார். என் முகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. அவர் இப்போதும் படம் எடுக்கிறார், வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி உட்காரச் சொல்கிறார். நான் கையை நீட்டுவதில்லை, சுவரை அளந்துகொள்கிறார். இடது கண் மட்டும் இன்னும் முழுசாக மூடுவதில்லை. நான் தூங்கினாலும் அது அவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறது.