போன மாசக் காலண்டரில் அட்டை போட்ட புத்தகம்

"...வேற யாரு கையிலயும் இல்லக்கா, உங்க தங்கச்சி கையிலதான் குடுத்தேன். பக்கத்தையெல்லாம் புரட்டி, எங்கனா கிழிஞ்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் வாங்கிக்கிச்சு" என்று பர்வீன் சொன்னபோது ரயில் ஆலப்பாக்கம் தாண்டியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். என் தங்கச்சி அமுதா மூன்று நாள் காய்ச்சலில் போனபோது, கல்யாணம் ஆகாத பெண், திரும்பி வருவாள் என்று சொந்தக்காரிகள் நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள். அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்து, "வந்தா வரட்டும், உங்களுக்கு என்னாடி?" என்று கத்தினவள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

கடலூர் முதுநகரில் இருந்து தினமும் சிதம்பரம் போகிறேன். கீழ வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் வேலை. எட்டாவதோடு நின்ற என்னைப் புத்தகம் படிக்க வைத்ததே அமுதாதான். பர்வீன் லால்பேட்டைப் பெண், எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டு, சிதம்பரத்தில் மருந்துக்கடைக்கு வேலைக்கு வருகிறாள். ரயிலில் பழகி ஒரு வருஷம்தான். பழக்கம் என்றால் முழுக்கப் புத்தகம்; மாமியார் கதை, நகைக் கதை ஒன்றும் கிடையாது. "இதைப் படிங்கக்கா, ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது" என்று அவள் ஒன்றை நீட்டுவாள், நான் ஒன்றை நீட்டுவேன். எங்களுக்குள் இரண்டே சட்டம். அட்டை போடாமல் கொடுக்கக் கூடாது. ஒருத்தி முடிக்கும் முன்னால் இன்னொருத்தி பிடுங்கக் கூடாது. அட்டைக்கு, முடிந்துபோன மாதக் காலண்டர் தாள், கெட்டியாக இருக்கும். வெள்ளைப் பக்கம் வெளியே, தேதிப் பக்கம் உள்ளே.

இதில் நான் செய்த தப்பும் ஒன்று உண்டு. அமுதா இறந்துபோனதைப் பர்வீனிடம் நான் சொல்லவே இல்லை. "தங்கச்சி இதைப் படிக்கச் சொல்லுவா", "தங்கச்சிக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்காது" என்று, அவள் என் வீட்டு உள் ரூமில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே பேசி வந்தேன். ரயிலில் அந்த முக்கால் மணி நேரம் அவள் உயிரோடு இருந்தாள். எனக்கு அது வேண்டியிருந்தது, வேறென்ன சொல்ல.

அவள் துணிமணி, நோட்டு எல்லாவற்றையும் அம்மா கடலில் விட்டுவிட்டாள். எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு புத்தகம். ஓரமெல்லாம் அவள் பென்சில் எழுத்து. 'இவன் பொய் சொல்றான்', 'இந்த இடத்துல அழணுமாம், எனக்கு வரல' என்று, கதை எழுதினவரோடு பக்கத்துக்குப் பக்கம் சண்டை பிடித்திருப்பாள். அதைத்தான் பர்வீனுக்குக் கொடுத்தேன். அவள் பேச்சை இன்னொருத்தியும் கேட்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை திருப்பிக் கேட்டால், "போன வியாழக்கிழம நான் லீவு போட்டேன்ல, விசாரிச்சிக்கிட்டு வந்து உங்க வூட்டுலயே குடுத்துட்டேனே" என்றாள். வியாழக்கிழமை என் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு சாவி என் பையில், இன்னொன்று துறைமுகத்துக்குப் போன என் வீட்டுக்காரர் இடுப்பில். இருந்தும் போய்த் தேடினேன், அரிசி டிரம்முக்குப் பின்னால் வரைக்கும் தேடினேன். இல்லை. தொலைத்துவிட்டுப் புளுகுகிறாள் என்று முடிவு கட்டி, திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை ரயில் ஏறினேன். யார் கையில் கொடுத்தாய் என்று கேட்டதற்குத்தான், முதலில் சொன்னேனே, அந்தப் பதில்.

"என் தங்கச்சியா? யாருகிட்ட கத வுடுற?"

"கதையா? மத்தியானம் மூணு மணிக்குக்கா. கதவு தொறந்துதான் இருந்துச்சு. பென்சிலக் கடிச்சிக்கிட்டே வந்துச்சு. தண்ணி வேணுமான்னு கூடக் கேட்டுச்சு."

அமுதா பென்சில் கடிப்பாள் என்று நான் இவளிடம் சொன்னதே கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அது எங்கே உறைத்தது?

"திருட்டுக் கழுத! தொலைச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்டி. எதுக்குடி அவள இழுக்குற? அவ செத்து ரெண்டு வருஷம் ஆவுது!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டு வந்த அம்மா நாரை அப்படியே மடியில் போட்டுவிட்டார். பர்வீன் முகத்தில் ரத்தமே இல்லை. "யா அல்லா" என்றாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது.

"ஒரு வருஷமா தங்கச்சி அது சொல்லிச்சு, இது சொல்லிச்சுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க? சரி, அப்ப இத எனக்கு யாரு குடுத்தது?"

பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். காலண்டர் தாளில் வெள்ளை அட்டை.

"அத வாங்கிக்கிட்டு இதக் குடுத்துச்சு. படிச்சி முடிச்சிட்டு எங்கக்காகிட்ட குடுங்க, முன்னாடியே குடுத்துடாதீங்க, அது கோவக்காரி, பாதியிலயே மூடி வச்சிடும்னு சொல்லிச் சிரிச்சிச்சு."

வாங்கித் திறந்தேன், நான் கண்ணால் பார்த்தே இராத புத்தகம். ஓரமெல்லாம் பென்சில். வலது பக்கம் சாய்ந்து, கோட்டைத் தாண்டி ஓடுகிற அவள் எழுத்து. அட்டையைப் பிரித்தேன். போன மாசத் தாள். ஐந்தாம் தேதிக் கட்டத்தில் 'சிலிண்டர்'. பத்தொன்பதில் 'கரண்ட் இருக்காது'. நீல மையில், என் கையெழுத்து. என் அடுப்படிச் சுவரில் மாசம் முழுக்கத் தொங்கிய தாள் அது. கிழித்த தாள்களை மெத்தைக்கு அடியில்தான் வைப்பேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தூக்கிப் பார்த்தேன். அதற்கு முந்தின மாசம் இருந்தது, அதற்கும் முந்தினது இருந்தது, போன மாசம் மட்டும் இல்லை. இன்றைக்கும் மாசம் பிறந்து தாளைக் கிழிக்கும்போது என் கை ஒரு நிமிஷம் நிற்கிறது.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், ரயிலில் எனக்குப் பயம் வரவில்லை. வந்ததெல்லாம் கோபம், அதுவும் அமுதா மேல். இரண்டு வருஷமாக அந்த வீட்டில்தானே இருக்கிறேன்? ஒரு நாள், ஒரு நிமிஷம், தண்ணீர் வேண்டுமா என்று என்னைக் கேட்க வந்தாளா? நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்து, முன்னேபின்னே தெரியாதவளோடு சிரித்துப் பேசி, எனக்கென்று இருந்த அந்த ஒரு புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

பர்வீன் என் கையிலிருந்த புத்தகத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"குடுடி. அது என்னோடது."

"இன்னும் பாதி இருக்குக்கா. முடிச்சிட்டுத்தான் தரணும்."

"உனக்குப் பயமா இல்லியாடி?"

"பயமாத்தான் இருக்கு. சரின்னு அதுகிட்ட சொல்லிட்டனே."

பரங்கிப்பேட்டை தாண்டி ரயில் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. பர்வீன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பாதியில் வைத்திருந்த அடையாளத்தை எடுத்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, ஓரத்தில் இருந்த பென்சில் வரியிலிருந்து, பாலத்துச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கும்படி படிக்க ஆரம்பித்தாள்.