சித்தப்பா எழுதிய ஊர்கள்

எங்கள் சித்தப்பா கவிஞர். பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். பகலில் அச்சகத்தில் அச்சுக் கோர்க்கும் வேலை; மற்ற நேரமெல்லாம் கல்யாண வாழ்த்து மடல். அவர் எழுதும் பாட்டை ரோஸ் தாளில் அடித்து, பந்தலில் மைக் பிடித்து வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மணமக்கள் கையில் கொடுப்பார்கள். கூலி, முதல் பந்தியில் ஓர் இலை.

மடலில் மணமக்களின் பெயரைவிட ஊர்ப்பெயர் பெரிதாக இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வரிசையின் எழுதாத சட்டம். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். பிழைக்க வந்து இரண்டு தலைமுறை ஆனாலும் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மடல் கேட்டு வருகிறவர்கள் பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்து, குளத்தங்கரையில் என்ன மரம், கோயில் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்றெல்லாம் கேட்டுக்கொள்வார். பிறகு அங்கேயே பிறந்து வளர்ந்தவர்போல எழுதிவிடுவார். அவற்றில் ஓர் ஊரைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து அகதியாகக் கப்பலேறி வந்தது. சித்தப்பாவுக்கு அப்போது ஆறு வயது. மதராஸ் முகாமில் கொஞ்ச காலம், அப்புறம் பம்பாய். எங்கள் பூர்வீக ஊரின் பெயர் தெரிந்தவர்கள் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார்கள்.

இதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை, சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கும் வரைக்கும்.

பெண் தாராவியில். திசையன்விளைப் பக்கத்துக் குடும்பம். நானும் கூடப் போயிருந்தேன். அந்த வீட்டுச் சுவரிலும் சித்தப்பாவின் மடல் ஒன்று தொங்கியது. பெண்ணின் அக்காள் கல்யாணத்துக்கு எழுதியது. செம்மண் தேரிமேடு, பனங்காடு என்று வரிக்கு வரி ஊர்ப் பெருமை.

காப்பி கொடுத்த பெண், “எங்க ஊர நீங்க பாத்துருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. இனிமேத்தான்” என்றார் சித்தப்பா. அவள் சிரித்துவிட்டாள். அன்று ராத்திரி சித்தப்பா சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக் கவனிக்கவில்லை என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தாள்.

பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், டீக்கடையில் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். எங்களுக்குப் போக ஊர் இல்லாததால் பெண்ணின் தாய்மாமன் எங்கள் வரிசைக்கே வந்தார். அக்கம்பக்கத்தார் உதவி செய்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் கலந்துகொள்ள மட்டும் மறந்துவிட்டார்கள். “நம்ம ராதாபுரத்துப் புள்ள அண்ணாச்சி, தங்கமான பையன்” என்றார் முதல் வீட்டுக்காரர். அடுத்த வீட்டு அக்கா, “எங்க வள்ளியூருல்லா” என்று சத்தியம் செய்தாள். மூன்றாம் வீட்டில் சித்தப்பா நாங்குநேரிக்காரர் ஆனார். எந்தத் தெரு என்பதைக்கூடச் சொன்னார்கள்.

தாய்மாமன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை. “ஒரு ஆளுக்கு மூணு ஊரு எப்பிடி இருக்கும்? நீங்க நெசத்தச் சொல்லுங்க.”

அப்பா நிஜத்தைச் சொன்னார். “ரங்கூன். ஆத்தங்கரையில வீடு. வாசல்ல நின்னா தங்கக் கோபுரம் தெரியும்.” அது நாலாவது ஊராகி, அதுவும் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தது.

“நாளைக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி யாருகிட்ட கேக்க?” என்றார் அவர். கெட்டவர் இல்லை. மருமகள் மேல் உயிராக இருந்தவர். அம்மா கொடுத்த டீயைத் தொடாமல் போனார்.

சில மாதங்களில் அதே மனிதர் மறுபடி வந்தார். பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிவாகியிருந்தது. வாழ்த்து மடல் வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் எழுதத் தெரியாது. சொல்லும்போது அவர் தரையைத்தான் பார்த்தார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். “எழுதித் தர்றேன்” என்றார் சித்தப்பா.

எங்கள் வரிசைப் பிள்ளைகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் பிழை பார்க்கும் புரூஃப் தாள் என்னிடம்தான் வரும். அந்த மடலையும் உரக்க வாசித்தேன்.

‘அகன்றஆ றோடும் அழகூரில் பிறந்தவளே
அக்கரைப் பொற்கோபுரம்போல் ஆண்டாண்டு வாழியவே’

“தப்பு சித்தப்பா. அவங்க ஊர்ல ஆறே கிடையாது. அக்கா மடல்ல வெறும் தேரியும் பனையும்தான எழுதுனீங்க?”

அப்பா எழுந்து வந்து தாளை வாங்கினார். இரண்டே வரியை ரொம்ப நேரம் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

“தப்பாவே இருக்கட்டும்மா” என்றார் சித்தப்பா.

அதற்குப்பின் அவர் பெண் பார்க்கச் சம்மதிக்கவில்லை. வெகுகாலம் கழித்து அவர் கவிதைகள் புத்தகமாக வந்தன. பர்மாவைப் பாடியவர் என்று மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். பர்மாவைப் பற்றி முதலில் எழுதியது எப்போது என்று கேட்டால், “ஒரு கல்யாணத்துக்கு” என்பார். கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கும்.

அந்தக் கல்யாணத்துக்கு நாங்களும் போயிருந்தோம். மடலை வாசித்தபோது பாதிப்பேர் பந்திக்கு இடம்பிடிக்கப் போயிருந்தார்கள். மிச்சப்பேர் ஊர்ப்பெயர் வந்த இடத்தில் மட்டும் கைதட்டினார்கள். ஆறு வந்ததும் தாய்மாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதுவரை தலைகுனிந்தே உட்கார்ந்திருந்த பெண், சட்டென்று நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

அவளும் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.